நூற்றியோராவது ஓட்டு

என் மாமியார் தெருவில் எல்லாரிடமும் நான் லைப்ரரியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார். பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டு ரீட்டா அக்கா பழைய வார இதழ்கள் கொண்டுவரச் சொல்லி என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். என் லைப்ரரியில் புத்தகம் கிடையாது. கணக்குப் போடுவதற்கு ஒருவர் எழுதிவைத்த கம்ப்யூட்டர் கோட். மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். அதற்குப் பெயர் 'மதகு'. சேந்தாற்றில் வெள்ளம் வந்தால் எந்தக் கரையை மூழ்கடிப்பது என்று சொல்வது அதன் வேலை.

மூழ்கடிப்பது என்ற சொல்லை எங்கள் ஆபீசில் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். 'நீரைத் திருப்புதல்' என்பார்கள். ஆற்றின் வடகரையில் ஒரு ஷட்டர், தென்கரையில் ஒரு ஷட்டர். வெள்ளம் மிஞ்சும்போது ஏதாவது ஒன்றைத் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் கரையே உடைந்து இரண்டு பக்கமும் போய்விடும். வடக்கைத் திறந்தால் ஈச்சந்துறை. தெற்கைத் திறந்தால் ஆவராங்காடு. மதகு வரைபடத்தை லட்சக்கணக்கான சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் வீடு, பயிர், ஆடு மாடு, ஆட்கள் என்று சேதத்தைக் கூட்டிப் பார்க்கும். எந்தப் பக்கம் சேதம் குறைவோ அந்த ஷட்டரைக் கலெக்டர் திறக்கச் சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு நாலு வெள்ளம். நாலிலும் தெற்கு.

கடைசி வெள்ளத்தில்தான் அசிங்கமாகிவிட்டது. மதகுக்கு ஒரு கணக்கு முடிக்க ராத்திரி முழுக்க வேண்டும். விடை வந்து, ஷட்டரைத் திறந்து, அதற்குப் பிறகு ஆவராங்காட்டுக்குத் தண்டோரா போட்டிருக்கிறார்கள். தண்ணீர் அதற்கு முன்பே போய்விட்டது. மூன்று பேர் செத்துப்போனார்கள். அப்புறம்தான் அரசாங்கம் ஒரு ஜிபியூ கார்டு வாங்கிக் கொடுத்து, 'மதகை இதில் ஓடும்படி செய்யவும்' என்றது. செய்யவேண்டியது நான்.

ஜிபியூ என்றால் பெரிய மாயமில்லை. பழைய கம்ப்யூட்டர் ஒரே ஆள் உட்கார்ந்து கணக்குப் போடுவது. இது ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் பிரித்துக்கொண்டு போடுவது. மழைக்காலம் முடிந்து ஆரம்பித்தேன், கோடையில் முடித்தேன். முதல்முறை ஓட்டியபோது அரை நிமிடத்தில் விடை வந்தது. தெற்கு. என் மேலதிகாரி பத்மஜா மேடம் எழுந்துவந்து என் தோளைத் தட்டினார். அவர் தட்டி நான் பார்த்ததே இல்லை. அவர் போனபிறகு, அழகு பார்ப்பதற்காக இன்னொரு முறை ஓட்டினேன்.

வடக்கு.

அதே வெள்ளம், அதே வரைபடம். மறுபடி ஓட்டினேன். வடக்கு. மறுபடி. தெற்கு. பல வாரம் தப்பைத் தேடினேன். குளிக்கும்போது தேடினேன், பஸ்ஸில் தேடினேன், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டுக்கொண்டும் தேடினேன். கிடைக்கவில்லை. வெட்கத்தை விட்டு மேடத்திடம் போனேன். மதகை எழுதியவரே அவர்தான், என் வயதில்.

"மேடம், ஒரு தடவை தெற்குங்குது, ஒரு தடவை வடக்குங்குது. எங்கயோ சொதப்பியிருக்கேன்."

அவர் முறுக்கைக் கடித்தபடி கேட்டார். "எந்த வரிசைல கூட்டுது?"

"வரிசையே கிடையாது மேடம். யார் முதல்ல முடிக்கிறாங்களோ அவங்க முதல்ல வந்து சேத்துடுவாங்க."

"அப்ப நீ சொதப்பல."

"கூட்டறதுக்கு வரிசை எதுக்கு மேடம்? மூணும் நாலும் ஏழு. நாலும் மூணும் ஏழு."

"உனக்கும் எனக்கும் ஏழு. இதுக்கு ஒரு எண்ணுல முன்னாடி ஏழெட்டு இலக்கம்தான் ஞாபகம் நிக்கும், மிச்சத்தை விட்டுடும். ஏரில அளவுக்கல் நட்டிருப்பாங்கல்ல? நிரம்பின ஏரில ஒரு குடம் தண்ணி ஊத்து. கல்லுல ஏதாவது ஏறுமா?"

"ஏறாது."

"ஆயிரம் குடத்தை ஒண்ணொண்ணா ஊத்தி, ஒவ்வொரு தடவையும் கல்லைப் பாத்து எழுது. 'மாற்றமில்லை', 'மாற்றமில்லை'. அத்தனை குடமும் கணக்குல வராது. அதையே முதல்ல ஒரு தொட்டில சேத்து மொத்தமாக் கொட்டினா கல்லுல தெரியும். கார்டு தொட்டி தொட்டியாச் சேக்குது. அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு மாதிரி. அதான் ஆட்டம்."

புரிந்தது. புரிந்ததுமே இன்னொன்று இடித்தது.

"பழைய மதகு எந்த வரிசைல மேடம் கூட்டும்?"

"மேப்பை எப்படிப் பாப்போம்? மேலேர்ந்து கீழ. வடக்கேர்ந்து தெற்கே. ஒரே கூட்டுத்தொகை. வடகரை முடிஞ்சதும் ஒரு குறி, தென்கரை முடிஞ்சதும் ஒரு குறி. ரெண்டாவதுலேர்ந்து முதலாவதைக் கழிச்சா..." 

அத்தோடு நிறுத்திவிட்டார். முறுக்கு கையிலேயே இருந்தது.

வடக்கே ஈச்சந்துறை. சர்க்கரை ஆலை, ஆஸ்பத்திரி, மாடி வீடுகள். அவற்றைக் கூட்டியதுமே ஏரி நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆவராங்காடு வருகிறது. குடிசை, ஆட்டுக்கொட்டில், முருங்கைத் தோட்டம். குடம் குடமாக, நிரம்பிய ஏரியில். நாலு வெள்ளத்திலும் பாதி ஆவராங்காடு கூட்டலில் விழவே இல்லை.

"அப்ப மெமரி கம்மி. எண்ணுக்கு இலக்கத்தைக் கம்மியா வெச்சோம்," என்றார் மேடம். "வேணும்னு செஞ்சது இல்ல ஜெசிந்தா."

"தெரியும் மேடம்."

இலக்கங்களை அதிகமாக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் கூட்டிப் பார்த்தேன். விடை இன்னும் மோசம். இரண்டு கரையும் சமம். எங்கள் வரைபடத்தின் துல்லியத்துக்கு அதற்குமேல் பிரித்துச் சொல்ல வழியில்லை. நான் அன்று வீட்டுக்குப் போய் வாசலிலேயே கொஞ்சநேரம் நின்றேன். ஈச்சந்துறையில் நாங்கள் கட்டிய வீடு அது. மனை பார்த்தது நான்தான். நாலு வெள்ளத்தின் விடையையும் வைத்துக்கொண்டு, "இந்தப் பக்கம் தண்ணியே வராதுங்க, சயின்ஸ்" என்று என் கணவர் அமல்தாஸிடம் பீற்றிக்கொண்டு வாங்கினேன்.

கலெக்டரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை.

"சமம்னா நான் எந்த ஷட்டரைத் திறக்கறதும்மா? எனக்கு ஒரு விடை வேணும்."

"கார்டுல அந்த ஆட்டத்தோடயே நூத்தியோரு தடவை ஓட்டலாம் சார்," என்றார் மேடம். "ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுரும். எந்தப் பக்கம் அதிகமா வருதோ அது."

அவருக்கு அது பிடித்துவிட்டது. எனக்கு அது சீட்டுக் குலுக்கிப் போடுவதை மரியாதையாகச் சொல்வது போலத்தான் பட்டது. ஆனால் வேறு என்ன செய்வது என்று கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது.

இதில் நான் செய்த கூத்து ஒன்று உண்டு. திரையில் வருவதெல்லாம் தமிழில் இருக்கவேண்டும் என்பது மேடத்தின் கண்டிப்பு. ஒவ்வொரு முறை ஓடுவதற்கும் என்ன பெயர் வைப்பது? 'ஓட்டம்' என்று போட்டால் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இருந்தது. ஆபீசில் நாங்கள் பேசுவது "இன்னொரு ஓட்டு ஓட்டிப் பாரு" என்றுதான். அப்படியே போட்டுவிட்டேன். ஓட்டு 1: தெற்கு. ஓட்டு 2: வடக்கு. யாருக்கும் உறுத்தவில்லை.

ஒத்திகை நடந்தது. அதன் முடிவைக் கலெக்டர் ஆபீஸ் எல்லாப் பஞ்சாயத்துக்கும் வாட்ஸப்பில் அனுப்பிவைத்தது. 'தெற்கு ஷட்டர் 54 ஓட்டு, வடக்கு ஷட்டர் 47 ஓட்டு.'

மறுநாள் ஆவராங்காடு பஞ்சாயத்துத் தலைவர் மாரிக்கண்ணு எங்கள் ஆபீசுக்கு வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்த பெண்மணி. வியர்த்திருந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"எங்க ஊர்ல யாரும் ஓட்டுப் போடலயே மேடம். யாரு போட்டது?"

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அவர் போனை நீட்டியபிறகுதான் விளங்கியது.

"ஐயோ தலைவரம்மா, அது அந்த ஓட்டு இல்ல. வண்டி ஓட்டறோம்ல, அந்த ஓட்டு. மிஷினை ஓட்டறது."

"வண்டி ஓட்டினா அம்பத்துநாலு, நாப்பத்தேழுன்னு எதுக்கு எண்ணணும்?"

"ஒவ்வொரு தடவையும் மிஷின் ஒரு பக்கம் சொல்லும். எது அதிகமோ அதுதான் முடிவு."

"அதுக்குப் பேருதானே ஓட்டு?"

இதற்கு மேல் எதுவும் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஆனாலும் ஏரி, குடம், வடக்கிலிருந்து தெற்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் கேட்டுமுடித்துவிட்டு, "போன வெள்ளத்துல என் கொழுந்தன் போயிட்டான்," என்றார். "அவன் வீடும் கூட்டல்ல விழலயா?"

"தெரியலம்மா. விழாம இருந்திருக்கலாம்."

"இப்ப விழுதா?"

"இப்ப விழுது. விழுந்தா ரெண்டு ஊரும் சமமா இருக்கு. அதனாலதான் இப்படி எண்ணறோம்."

திட்டுவார், அழுவார் என்று பயந்தேன். இரண்டும் இல்லை.

"சரி. ஓட்டுன்னா எங்களுக்குப் பூத் ஏஜெண்டு வேணும். எண்ணறப்ப எங்க ஆளு பக்கத்துல உக்காரணும்."

கலெக்டரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். ஆவராங்காட்டார் ரோட்டில் உட்கார்ந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கரைக்கு ஓர் ஆள் என்று அனுமதி கொடுத்தார். ஆவராங்காட்டுக்கு மாரிக்கண்ணுவே வருவதாகச் சொன்னார். ஈச்சந்துறையில் கூட்டம் போட்டுப் பேசி, மோட்டார் ரிவைண்டிங் கடை வைத்திருக்கும் என் கணவரைத் தேர்ந்தெடுத்தார்கள். "உன் பொண்டாட்டி அங்கதானே இருக்கு, அது பேசற பாஷை உனக்குத்தான் புரியும்" என்றார்களாம். அவருக்கு நான் பேசும் வீட்டுப் பாஷையே புரிவதில்லை.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. மூன்று நாள் விடாத மழை. அன்று மதியம் கலெக்டர் ஓட்டச் சொன்னபோது எங்கள் அறையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கம்ப்யூட்டரைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. கார்டு இருந்த பெட்டிமேல் கை வைத்தால் சுட்டது. அதற்கு ஏதாவது வழி பண்ணுவதற்காக மேடம் எலக்ட்ரீஷியனோடு கீழே போய்விட்டார்.

மாரிக்கண்ணு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்து மேசையில் கொட்டினார். அமல்தாஸ் அவருக்கு அந்தப் பக்கம். எண்ணிக்கை தொடங்குமுன் மாரிக்கண்ணு ஒரு நிபந்தனை போட்டார்.

"நீங்க பொட்டியத் தொடக்கூடாது மேடம். கையைக் கட்டிக்கணும்."

"நியாயம்தான்," என்றார் அமல்தாஸ். எனக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் ஒரு தட்டு தட்டி ஓடவிட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

ஓட்டு 1: வடக்கு. ஓட்டு 2: வடக்கு. ஓட்டு 3: தெற்கு. மாரிக்கண்ணு ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்த்தினார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் தெற்கு எட்டு முந்தியது. என் கணவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. பிறகு வடக்கு ஏறியது. எதற்காக வேண்டிக்கொள்வது என்றே தெரியாமல் மாதாவே மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஓட்டு 100: தெற்கு. இரண்டு பக்கமும் ஐம்பது கொட்டைகள்.

ஓட்டு 101 என்று வந்தது. அதற்கு எதிரே ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம் போனது. இன்னொரு அரை நிமிடம். பெட்டிக்குள் விசிறி நின்ற சத்தம் கேட்டது. சூடு தாங்காமல் கார்டு மட்டும் தானாக அணைந்துவிட்டது. ஆறி எழ அரைமணி நேரமாவது ஆகும்.

போன் அடித்தது. கலெக்டர்.

"ஓட்டு என்னாச்சும்மா? கரைல விரிசல் விட்டிருச்சுங்கறாங்க. பத்து நிமிஷம்கூடத் தாங்காது."

சமம் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால் சமம் என்று சொன்னால் அவர் அடுத்து யாருக்குப் போன் போடுவார் என்று எனக்குத் தெரியும். ஆலையிலிருந்து ஏற்கெனவே இரண்டு முறை எங்களுக்கே பேசிவிட்டார்கள். இந்த மாவட்டத்தில் சமம் என்றால் தெற்கு. ஐந்தாவது முறையும் தெற்கு. தெற்கு என்றால் என் வீடு நனையாது, அத்தையின் புது பிரிட்ஜ் நனையாது, ஜெசிந்தா தன் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டாள் என்று யாரும் சொல்லவும் முடியாது, மிஷின்மேல் பழி போய்விடும். வடக்கு என்றால் என்ன என்று யோசிக்க எனக்குத் தெம்பு இல்லை.

கட்டியிருந்த கையை எடுத்தேன். ஓட்டு 101க்கு எதிரே நானே தட்டினேன். வடக்கு.

"அம்பத்தொண்ணு, அம்பது சார். வடக்கு."

"வடக்கா? இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்களேன். அரை நிமிஷம்தானே ஒரு ஓட்டுக்கு?"

வேகம் வந்ததில் இந்தச் சங்கடமும் வந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க ஓடிய காலத்தில் இன்னொரு தடவை என்று யாரும் கேட்டதில்லை.

"ஏஜெண்டுங்க ரெண்டு பேரும் இருக்காங்க சார். எண்ணி முடிச்சாச்சு," என்றேன்.

மாரிக்கண்ணு மேசையிலிருந்து கடைசிக் கொட்டையை எடுத்து வடக்குக் குவியலில் வைத்தார். அமல்தாஸ் திரையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார். போனில் கலெக்டர், "உங்க ஊர் ஏஜெண்டு யாரு, அவர்கிட்டக் குடுங்க," என்றார். கொடுத்தேன்.

"ஈச்சந்துறை ஏஜெண்டு பேசறேன் சார்," என்றார் என் கணவர். "ஆமா சார். அம்பத்தொண்ணு, அம்பது. நான் பாத்துட்டுதான் இருந்தேன்."

வைத்துவிட்டு உடனே அவர் அம்மாவுக்குப் போட்டார். "அம்மா, ரீட்டா அக்காவையும் கூட்டிக்கிட்டு மேட்டுக்குக் கிளம்புங்க. பிரிட்ஜெல்லாம் கெடக்கட்டும்."

ஈச்சந்துறையில் ஒருவரும் சாகவில்லை. தண்ணீர் வர அவகாசம் இருந்தது. வீடு ஜன்னல்வரை மூழ்கியது. தெருக்காரர்களை லாரியில் ஏற்றிப் பாலம் தாண்டி, நனையாத ஊர் அது ஒன்றுதான் என்பதால், ஆவராங்காடு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

மறுநாள் நான் அங்கே போனபோது அத்தை வகுப்பறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் ஜெபமாலை. தலையை உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"ஓட்டுல தோத்துட்டோம்ங்கறாங்களே ஜெசி. நம்ம தெருவுல யாரும் ஓட்டுப் போடலயே. யாரு போட்டது?"

நான் செய்தது நியாயமா, அல்லது என்னைச் சுயநலக்காரி என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயமா, எனக்கே தெரியவில்லை. இரண்டும் சமமாகத்தான் இருந்தன.

"மிஷின் போட்டுச்சும்மா," என்றார் அமல்தாஸ், அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே. "அதுக்கு ஊரு, உறவெல்லாம் தெரியாது." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனார்.

வராந்தாவில் பெரிய அண்டாவில் உப்புமா. மாரிக்கண்ணுவே நின்று எல்லாருக்கும் போட்டுக்கொண்டிருந்தார். வரிசையில் என் முறை வந்தது. தட்டை நீட்டினேன். அவர் கரண்டியை அண்டாவில் வைத்துவிட்டு என் இடது கையைப் பிடித்துத் திருப்பி, ஆள்காட்டி விரலைப் பார்த்தார்.

"நூறு ஓட்டுக்கும் கையைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க," என்றார் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி. "கடைசிக்கு மை வெக்க மறந்துட்டேன்."

பின்னால் ரீட்டா அக்கா, என்னாச்சு, ஏன் வரிசை நகரவில்லை என்று எட்டிப் பார்த்தார். மாரிக்கண்ணு என் கையை விட்டுவிட்டு, தட்டில் இரண்டு கரண்டி உப்புமா போட்டார்.